ஏற்றம் இல்லாத பாதைதான் காலைக் கடிக்கும்

ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, அந்த மண்மேட்டின் மேலேயே பொடிக்கல் பரப்பி நடைபாதை ஆக்கிவிடுவது வெளிநாடுகளில் வழக்கம். நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் தடம் 152 கி.மீ. நீளம். ஆஸ்திரேலியாவின் கிரேட் விக்டோரியன் தடம் 134 கி.மீ. அந்தப் பக்கம் வேலையில் இருக்கும் பிள்ளைகளோடு நீண்ட தூர நடைப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு, சென்னையில் தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் பயிற்சி எடுப்பவர்கள் உண்டு. ஆடியில் பெரியபாளையத்துக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் கிளம்புகிறவர்களைச் சொல்லவே வேண்டாம். இரண்டு கூட்டத்துக்கும் எங்கள் பிசியோதெரபி மேசையில் தெரியும் கோளாறு ஒன்றுதான்: மட்டமான பாதை சுலபம் என்று நம்பிப் போயிருப்பார்கள்.

ரயிலால் செங்குத்தான ஏற்றம் ஏற முடியாது. 50 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ந்தாலே அதற்குத் திணறல். அதனால் பழைய தடங்கள் கிட்டத்தட்ட மட்டமாகவே போகும். மலைப்பாதையில் ஏறும்போது ஒரு தசை உழைக்கும், இறங்கும்போது இன்னொன்று. முதலாவது கொஞ்சம் இளைப்பாறும். மட்டத்தில் அந்த முறைமாற்றமே இல்லை. ஒரு காலடி 75 செ.மீ. என்று வைத்தால் 50 கி.மீ.க்கு ஏறக்குறைய 67,000 காலடி. ஒவ்வொரு பாதமும் 33,000 தடவைக்கு மேல் ஒரே கோணத்தில், ஒரே இடத்தில் ஊன்றும். 5 கி.மீ.யில் தெரியாத சாக்ஸ் மடிப்பு 30 கி.மீ.யில் கொப்புளமாகிவிடும்.

முதலில் மக்கர் செய்வது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை. பாதம் தரையில் 'டப்' என்று அறையாமல் மெல்ல இறக்குவது அதன் வேலை. வேகத்துக்காக அடியை நீட்டிப் போட்டால் குதிகால் உடலுக்கு வெகுமுன்னால் விழும்; அந்தத் தசை இரட்டிப்பாக உழைக்கும். ஆகவே அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மணிக்கு 6 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 133 காலடி வரும். 15 விநாடி எண்ணிப் பார்த்தால் 33 இருக்க வேண்டும். குதிகாலால் மட்டும் 30 விநாடி நடப்பதை ஐந்து தடவை, வாரம் மூன்று நாள் செய்தால் இந்தத் தசை பழகும். நடக்கும்போது அங்கே கல்போல இறுகி, பாதத்தின் மேல்பக்கம் மரத்து, நுனிக்கால் தூக்க வராமல் போனால் அது சாதாரண வலி இல்லை. நின்றுவிடுங்கள். ஓய்வெடுத்தும் சரியாகவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கணுக்காலுக்கு முன்னால் மட்டும் வீங்கி வலித்தால் பெரும்பாலும் லேஸ் இறுக்கம்தான் காரணம். மேல் இரண்டு ஓட்டையைத் தளர்த்திப் பாருங்கள்.

கொப்புளத்துக்கு ஈரமும் சூடும் இழுவையும் சேர வேண்டும். நம்மூர்க் கடற்காற்றில் வியர்வை காயாது என்பதால் முதல் பொருள் இலவசம். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயற்கை இழை அல்லது கம்பளி கலந்தது நல்லது. பவுடர் வியர்வையில் கட்டிதட்டி உறுத்தும், வேண்டாம். ஷூவை மாலையில் வாங்குங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும், 30 கி.மீ.க்குப் பிறகும் அப்படித்தான் இருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். வழக்கமாக உரசும் இடத்தில் முந்தின இரவே மைக்ரோபோர் டேப்பை (மருத்துவக் காகித டேப்) மடிப்பில்லாமல் ஒட்டி, ஓரங்களை வட்டமாக வெட்டிவிடுங்கள். அதன் அடியில் வாசலின் தடவினால் டேப் நழுவும். இரண்டில் ஒன்றுதான்.

ரயில் தடத்தின் பொடிக்கல் ஷூவுக்குள் ஏறும். கணுக்காலை மூடும் துணி உறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உறுத்திய உடனே நின்று உதறுங்கள். 'அடுத்த தண்ணீர்ப் பந்தலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்ட மூன்று கிலோமீட்டரில்தான் தோல் பிரியும். கொப்புளம் சிறிதாக இருந்தால் தொடாதீர்கள். பெரிதாகி நடக்க விடவில்லை என்றால், பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, புது ஊசியால் கீழ் ஓரத்தில் இரண்டு துளை போட்டு நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் உங்களிடம் இருக்கிற சிறந்த கட்டு.

தண்ணீர் விஷயத்தில் பலரும் குடிக்காமல் இருப்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். அளவுக்கு மீறிக் குடிப்பது அதே அளவு ஆபத்து. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த நீரைக் கூட்டினால் உங்கள் வியர்வைக் கணக்கு கிடைக்கும். அதற்கு மேல் குடிக்கத் தேவையே இல்லை. சென்னைப் புழுக்கத்தில் பழகிய அளவைக் குளிர் ஊரில் அப்படியே குடித்தால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அடையாளங்கள். சுற்றி நிற்பவர்கள் 'தண்ணி குறைஞ்சிடுச்சு' என்று இன்னும் ஒரு பாட்டிலை நீட்டுவார்கள், அங்கேதான் விபரீதம். முடித்தபின் எடை சற்றுக் குறைந்திருப்பது இயல்பு, கூடியிருந்தால் தப்பு. ஓ.ஆர்.எஸ். பொடியில் ஒரு லிட்டருக்கும் 200 மி.லி.க்கும் தனித்தனிப் பாக்கெட் வருகிறது. பெரியதைச் சின்ன பாட்டிலில் கரைத்தால் மருந்து மருந்தாக இருக்காது.

சாப்பாடு: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். முந்தின இரவு வண்ணாரப்பேட்டைப் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையை ஒரு நாள் மன்னித்துவிடுங்கள். எண்ணெயும் காரமும் விடியற்காலையில் கணக்குக் கேட்கும்.

வலி மாத்திரையை மட்டும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இரண்டும் நீர்ச்சத்து குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நடந்த பிறகு சிறுநீர் பால் கலக்காத கட்டன் டீ நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பயிற்சிக்கு எண்ணூர் விரைவுச்சாலை வேண்டாம், கன்டெய்னர் லாரிகள் நடுவே நடப்பது வீரம் இல்லை. பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா போன்ற சுற்றுப்பாதையில் அரைமணிக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து மீஞ்சூர் போகும் தண்டவாள ஓரத்தில் 'ரயில் தடப் பயிற்சி' என்று கிளம்புவது மட்டும் கூடாது. அது ஓடுகிற பாதை. 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவுப்படி அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காதில் பாட்டு ஓடினால் பின்னால் வருகிற மின்ரயில் கேட்கவே கேட்காது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தனிக் கணக்கு. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால், மேலே சொன்ன 'உறுத்தினால் நில்லுங்கள்' என்பது உதவாது, உறுத்தல் தெரியாதே. கிளம்பும் முன் டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஷூ, சாக்ஸ் கழற்றி, கூட வருபவரை அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வந்தால் ஊசி வேண்டாம், நடை அங்கேயே முடிந்தது. வெறுங்காலோடு வருவதாக வேண்டிக்கொண்டவர்களிடம் வேண்டுதலை மாற்றச் சொல்வது எங்கள் வேலை இல்லை. ஆனால் வெயில் ஏறிய தாரில் வைத்த கால் சுட்டதே தெரியாதவர், கோயில் வாசல் வரை செருப்போடு வந்து அங்கே கழற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.