கைடு கையெழுத்துப் போடவில்லை என்றால்? பிஎச்.டி. மாணவருக்கு விதி தரும் பிடிமானம்

சீசன் நேரத்தில் கைடு (ஆராய்ச்சி நெறியாளர்) வீட்டு விருந்தாளிகளுக்கு இ-பாஸ் எடுத்துக் கொடுப்பதும், ஊட்டியில் அறை தேடி அலைவதும் பிஎச்.டி. வேலையில் சேர்த்தி இல்லை. செய்து கொடுக்கும் ஸ்காலருக்கும் அது தெரியும். ஆனால் ஃபெல்லோஷிப் (உதவித்தொகை), சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), டீசிஸ் (ஆய்வேடு) எல்லாமே கைடின் கையெழுத்துக்குக் காத்திருப்பவை. யார் முறைத்துக்கொள்வார்கள்?

அந்தக் கையெழுத்துக்கும் வரம்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைகள்படி ஒவ்வொரு ஸ்காலருக்கும் ஓர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். செமஸ்டருக்கு ஒரு முறை அதன் முன் உங்கள் வேலையை விளக்க வேண்டும். குழுவின் பரிந்துரையில் ஒரு நகல் உங்களுக்கும் தர வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தை எழுதி, திருத்த வழியும் சொல்ல வேண்டும். "உன் வேலை சரியில்லை, பதிவை ரத்து செய்துவிடுவேன்" என்று கைடு ஒருவரே வாய்வார்த்தையில் முடித்துவிட முடியாது. நகலைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. வாங்கி வையுங்கள், பின்னால் தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தத் தாள்தான். ஒரு குறை: குழுவைக் கூட்டும் ஒருங்கிணைப்பாளரே கைடுதான். மலையூர்க் கல்லூரிகளில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் வேறு.

இழுத்தடிப்பதற்கும் கணக்கு உண்டு. பிஎச்.டி. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மொத்தம் 10 ஆண்டு வரை போகலாம். பெண் ஸ்காலர்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. இது கைடு போடும் பிச்சை அல்ல.

சரி, புகார் எங்கே? மானியக் குழுவின் 2023 குறைதீர்ப்பு விதிமுறைகள்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அது கூடியவரை 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்மேனிடம் (மாணவர் குறைகேட்பு அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். இணைவுக் கல்லூரி மாணவர்களுக்கும் அவர்தான். ஊட்டி அரசு கலைக் கல்லூரி ஸ்காலர் என்றால் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்மேன்; கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் என்றால் அவர்களுடையவர். தேதி போட்டு எழுதுங்கள். சான்றிதழைப் பிடித்து வைத்திருப்பதும் உதவித்தொகையைத் தாமதிப்பதும் இந்த விதியில் குறை என்றே கணக்கு.

கைடை மாற்றுவதுதான் சிக்கல். பல பல்கலைக்கழகங்கள் பழைய கைடின் சம்மதக் கடிதத்தையும் கேட்கின்றன. யாரிடமிருந்து விலக வேண்டுமோ அவரிடமே அனுமதி கேட்கச் சொல்வது என்ன நியாயமோ! அவர் மறுத்தால், மறுத்ததையே குறையாக எழுதிக் குறைதீர்க்கும் குழுவிடம் கொடுக்கலாம்.

பாலியல் தொல்லை என்றால் வழி வேறு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்தக் கைடு உங்கள் வேலையை மதிப்பிடவோ அறிக்கை எழுதவோ கூடாது என்று இடைக்காலத் தடை கேட்க மானியக் குழுவின் 2015 பாலியல் தொல்லைத் தடுப்பு விதிமுறைகளில் இடம் இருக்கிறது. புகார் மனுவிலேயே அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.