நிக்நேமில் வரும் ‘நிக்’ யார்?

இப்படி ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படி யாரும் இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஈக்’ என்றால் கூடுதல். ‘ஈக்நேம்’ என்றால் கூடுதல் பெயர், அதாவது பட்டப்பெயர். ‘ஒரு’ என்ற பொருளில் அதன் முன்னால் ‘ஆன்’ சேரும். ‘ஆன் ஈக்நேம்’ என்று வேகமாகச் சொன்னால் ‘ஆனீக்நேம்’ என்றுதான் காதில் விழும். 15ஆம் நூற்றாண்டுக்குள் பலர் அதை ‘அ நீக்நேம்’ என்று பிரித்துவிட்டார்கள். னகரம் இடம் மாறிவிட்டது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஏப்ரன் முன்பு ‘நேப்ரன்’. கிரிக்கெட் அம்பயர் ‘நூம்பர்’. எந்தத் தரப்பிலும் சேராத ஒற்றை ஆள் என்று பொருள், பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆடர் என்ற பாம்பின் பெயரும் முன்பு ‘ந’ எழுத்தில்தான் தொடங்கியது. ஜெர்மனில் அதன் உறவுச் சொல் இன்றும் ‘நாட்டர்’.

ஏன் இப்படி? எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அது கிடையாது. பேச்சை ஒலிப்பதிவு செய்து அலையாகப் பாருங்கள்: சொல் முடியும் இடத்தில் பெரும்பாலும் மௌனமே இருக்காது. ‘பக்கம்’ என்ற சொல்லின் நடுவே, க்க-வில் நாக்கின் பின்பகுதி காற்றை அடைக்கும்போதுதான் இருக்கும்! எல்லையைப் போடுவது கேட்பவரின் மூளை. ‘தாமரை’யைப் பூவாகவும் ‘தா, மரை’ (தாவும் மான்) என்றும் கேட்கலாம். இப்படி இரண்டு விதமாகவும் நிற்கும் சொல்லை நன்னூல் பொதுமொழி என்கிறது.

அப்படியானால் ஒரு சொல்கூடத் தெரியாத குழந்தை எப்படிப் பிரிக்கிறது? 1996இல் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ‘பிடாகுபடோடிகோலாபு’ என்பதுபோல இடைவெளியோ ஏற்ற இறக்கமோ இல்லாத ஒலிச்சரத்தை இரண்டு நிமிடம் கேட்கவைத்தார்கள். ‘பிடாகு’ அவர்கள் இட்டுக்கட்டிய ஒரு சொல்; அதனால் ‘பி’க்குப் பின் ‘டா’ எப்போதும் வரும். ஆனால் ‘கு’வுக்குப் பின் ‘ப’ வருவது மூன்றில் ஒரு முறைதான். அந்த ஒரே துப்பு போதுமாக இருந்தது. பிறகு எல்லையைத் தாண்டி வெட்டிய துண்டுகள் ஒலித்தபோது, குழந்தைகள் அவற்றைப் புதியவையாக எண்ணி அதிக நேரம் கவனித்தன. பேசத் தெரியாத வயதில் இந்தக் கணக்கு! குழந்தைக்கு அர்த்தமில்லாத ஒலியைக் கேட்கவைப்பதற்கெல்லாம் நிதி எதற்கு என்று கேட்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு கெட்டிக்கார மூளை ஈக்நேமில் ஏன் தடுமாறியது? ஒரு சொல் பெரும்பாலும் ‘ஆன்’ பின்னாலேயே காதில் விழுந்தால், னகரம் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று கணக்கு காட்டாது. ‘என்’ என்பதற்கான பழைய சொல்லான ‘மைன்’ பின்னாலும் இதே சிக்கல்தான்: ‘மைன் எட்’ என்று கொஞ்சிக் கொஞ்சி, எட்வர்டுக்கு ‘நெட்’ என்ற செல்லப்பெயரே வந்துவிட்டது.