பின்னட்டையில் நேரும் பிழை

தமிழில் ‘நான் வந்தேன்’ என்று எழுதினால், எழுதியவர் ஆணா, பெண்ணா, இரண்டுமே இல்லாதவரா என்று அந்த வினைமுற்று காட்டிக்கொடுக்காது. படர்க்கைக்குப் போனால்தான் வந்தான், வந்தாள் என்று பிரியும். அதனால் தன் வாழ்க்கையை எழுதும் ஒரு திருநங்கை இருநூறு பக்கத்தையும் தன்மையிலேயே எழுதி முடித்துவிடலாம். அவரைப் பற்றிப் படர்க்கையில் எழுதுகிறவர்கள் நாங்கள். பின்னட்டை, ஆசிரியர் குறிப்பு, பதிப்புரை எல்லாம் எங்கள் வேலை. பதினான்கு வருடமாகச் சின்னப் பதிப்பகங்களுக்குப் பிரதி செம்மை செய்துவருகிறேன். பால்புதுமையர் (திருநர், தன்பாலீர்ப்பாளர் போன்றோர்), தலித் எழுத்தாளர்களின் புத்தகங்களில் நான் பார்த்த அநியாயங்களில் பாதிக்கு மேல், கைப்பிரதி ‘ஏற்கப்பட்ட’ பிறகு எங்கள் மேசையில் நடந்தவை. நிராகரிப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஏற்றுக்கொண்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பேசுவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு திருநங்கை அம்மாவின் தன்வரலாறு என்னிடம் வந்தது. உள்பக்கங்களை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியில் பின்னட்டை வாசகத்தையும் நானே எழுதினேன். ‘ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறிய ஒருவரின் கண்ணீர்க் கதை’ என்று ஆரம்பித்திருந்தேன். அட்டைப் படிவத்தை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியின் கீழே நகர்த்தி நகர்த்திப் படித்தார்.

“நான் எப்பம்மா ஆணாப் பொறந்தேன்? அப்படின்னு எங்கயாவது எழுதியிருக்கேனா?”

எழுதவில்லை. ‘எங்க வீட்டுல என்னைப் பையன்னு நினைச்சாங்க’ என்றுதான் எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தை நான் நான்கு முறையாவது மெய்ப்பு பார்த்திருப்பேன்.

“கண்ணீர்க் கதைன்னு வேற போட்டிருக்கே. மூணாவது அத்தியாயம் முழுக்க நாங்க சிரிச்ச சிரிப்புதானே இருக்கு?”

அன்றைக்கு அந்த அட்டையில் படமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓவியர் வரைந்து அனுப்பியிருந்தது, நீங்கள் பலமுறை பார்த்திருக்கக்கூடிய அதே படம்: முகத்தில் ஒரு பாதி மீசை, மறுபாதி பொட்டும் மையும். புத்தகத்தில் எங்கேயும் அப்படி ஒரு முகம் இல்லை. நூலைப் படிக்காமலே வரைந்துவிடக் கூடிய படம் அது. இப்போது ஓவியருக்கு முதலில் கைப்பிரதியைத்தான் அனுப்புகிறேன். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் மூன்று அத்தியாயமாவது.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் நடந்தது. கைப்பிரதி நெடுக ‘நிர்வாணம்’ என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. திருநங்கைகள் மத்தியில் அது ஆண்குறியை நீக்கிக்கொள்வதற்கான சொல். வாசகருக்குப் புரியாமல் போய்விடும், வேறு அர்த்தம் கொடுக்கும் என்று நினைத்து எல்லா இடத்திலும் ‘அறுவைச் சிகிச்சை’ என்று மாற்றியிருந்தேன். கணினியில் ஒரே சொடுக்கில் முடிந்த வேலை. அவர் கோபப்படவில்லை, பொறுமையாகவே சொன்னார்.

“ஆபரேஷன் ஆஸ்பத்திரியில முடிஞ்சிடும்மா. நிர்வாணம் அப்படியில்ல. நாப்பது நாள் கண்ணாடி பார்க்காம இருந்திருக்கேன். நாப்பதாம் நாள் மஞ்சள் பூசி, புடவை கட்டிவிட்டு, குரு கண்ணாடியைக் காட்டுனாங்க. அதுவும் சேர்ந்ததுதான் அந்த வார்த்தை.”

அவர் பேசியதைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒவ்வோர் இடமாகத் திருப்பி மாற்றினேன். அடிக்குறிப்பும் போடவில்லை. முதல் முறை அந்தச் சொல் வரும் பத்தியிலேயே அவர் அதைச் சொல்லிவிட்டிருந்தார். நான்தான் வாசகரை நம்பவில்லை.

செம்மையாக்கம் என்ற பெயரில் நாங்கள் காலகாலமாகச் செய்துவருவது இது. தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அது பேச்சுமொழியில் இருந்தது, அதுவும் ஒரு தலித் கிராமத்துப் பேச்சுமொழியில். வெளியிட்டது மதுரையில் இருந்த ஒரு சமூகச் செயல்பாட்டு மையம். பெரிய இலக்கியப் பதிப்பகம் எதுவும் அல்ல. இன்று அது பாடத்திட்டங்களில் இருக்கிறது. அந்த மொழியை யாராவது ஒருவர் ‘திருத்தி’ அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. ஒற்று மிகாமல் விட்டதைச் சரிசெய்யலாம். ‘வந்துருச்சு’ என்பதை ‘வந்துவிட்டது’ ஆக்கும்போது, யார் பேசுகிறார் என்பதையே மாற்றிவிடுகிறோம்.

2005இல் எழுத்தாளர் ரேவதி, திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளை அவர்களிடமே கேட்டுத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். கேட்டவரும் திருநங்கை, சொன்னவர்களும் திருநங்கைகள். அவருடைய தன்வரலாறு தமிழில் எழுதப்பட்டது. ஆனால் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில்தான் முதலில் வெளியானது. அடுத்த வருடம்தான் ‘வெள்ளை மொழி’ என்று தமிழில் கிடைத்தது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், தமிழில் எழுதிய ஒரு வாழ்க்கையைத் தமிழ் வாசகர்கள் பின்னால் நின்று வாங்கினோம் என்பது தமிழ்ப் பதிப்புத் துறையில் இருக்கிற எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு விஷயம். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தொடங்கிய ஒரு வழக்கின் தொடர்ச்சியாகச் சொன்னதன்பேரில், 2022இல் தமிழ்நாடு அரசு பாலினம், பாலீர்ப்பு குறித்த சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. அட்டையிலும் குறிப்பிலும் நாங்கள் எழுதும் வாக்கியங்களுக்கு அது பெரிய உதவி. அதை வைத்துக்கொண்டு எழுத்தாளரின் சொல்லைத் திருத்தக் கூடாது. 2005இல் ‘அரவாணி’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் மறுபதிப்பிலும் அப்படியே சொல்ல விரும்பினால், அது அவர் முடிவு. ஆணென்றோ பெண்ணென்றோ தன்னைச் சொல்லிக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கத் தமிழில் ‘அவர்’ இருக்கிறது. வழி தெரியாமல் தடுமாற வேண்டியதில்லை. கேட்டுவிட்டு எழுதினால் போதும்.

அப்புறம் பணம். இதைத்தான் பேசவே சங்கடப்படுகிறோம்.

250 ரூபாய் விலை, பத்து சதவீத ராயல்டி என்றால் ஒரு பிரதிக்கு 25 ரூபாய். முந்நூறு பிரதி விற்றால் 7,500. இதையும் கொடுக்காமல் ‘ராயல்டிக்குப் பதிலாக இருபத்தைந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்துவிடுகிற வழக்கம் உண்டு. மாத வருமானம் உள்ளவருக்கு அந்த இருபத்தைந்து பிரதியை நண்பர்களுக்குக் கொடுக்க முடியும். வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறவர் அந்தப் பெட்டியை எங்கே வைப்பார்? அச்சுச் செலவை எழுத்தாளரே கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு இன்னும் மோசம். அப்படிக் கேட்டால், குடும்பம் கைவிட்ட ஒருவர் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்.

ஒரு முறை ராயல்டி காசோலை ஒன்று மூன்று மாதம் அலைந்தது. எழுத்தாளர் ஒரு திருநம்பி, பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண். புத்தகத்தில் இருந்த பெயரில் காசோலை எழுதிவிட்டார்கள். வங்கிக் கணக்கு பழைய பெயரில் இருந்தது, சான்றிதழ் மாற்ற வேலை பாதியில் நின்றிருந்தது. அவர் போன் செய்து கேட்டபோது, பதிப்பகத்தில் இருந்தவர் ‘அப்படின்னா உங்க உண்மையான பெயர் என்ன?’ என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்டது அல்ல. ஆனாலும் அதன் பிறகு அந்தப் பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான்தான் துரத்தித் துரத்தி வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது நான் கைவைக்கும் ஒப்பந்தங்களில் இரண்டு இடம் தனியாக இருக்கும். பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கின் பெயர் ஒன்று. நூலில் வர வேண்டிய பெயர் ஒன்று. முதல் பெயர் அட்டையிலோ, உரிமைப் பக்கத்திலோ, விளம்பரத்திலோ எங்கேயும் வராது என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். புனைபெயரில் எழுதினால் உரிமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புனைபெயர் நூல்களுக்கும் பாதுகாப்பு தருகிறது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவை எழுத்தாளர்கள் ஒருமுறையாவது படித்துவிடுங்கள். உரிமையைக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ‘கொடுத்துட்டீங்கல்ல’ என்றால் செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம்தான். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். உரிமையை வாங்கிவிட்டு ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது திரும்பி வந்துவிடும். புத்தகத்தைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி வெளியிட்டால் 57ஆம் பிரிவு இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும் அது உங்களோடு இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது ‘சொல்லக் கேட்டு எழுதிய’ புத்தகங்கள். எழுதப் படிக்க வசதி கிடைக்காத ஒருவர் பத்து நாள் உட்கார்ந்து பேசுகிறார். இன்னொருவர் ஒலிப்பதிவு செய்து எழுதுகிறார். அட்டையில் எழுதியவர் பெயர் பெரிதாக இருக்கும், வாழ்ந்தவர் பெயர் உள்ளே நன்றிப் பக்கத்தில் இருக்கும். ராயல்டியும் அப்படியே போகும். ஒலிப்பதிவுக் கருவியை எடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு பெயரும் எங்கே, எந்த அளவில், பணம் எப்படிப் பிரியும், திரைப்பட உரிமை கேட்டு யாராவது வந்தால் யார் முடிவு சொல்வது. அதை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் நம்புகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

தமிழ்ப் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில் எழுத்தாளரின் முகவரியும் போன் நம்பரும் அச்சிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. வாசகர் கடிதம் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த பழக்கம். ஊரில் யாருக்கும் சொல்லாமல் வாழும் ஒரு தன்பாலீர்ப்பாளருக்கு அது ஆபத்து. ஒரு கவிதைத் தொகுப்பில், முகவரியை எடுத்த பிறகும் ஆசிரியர் குறிப்பில் படித்த கல்லூரியும் துறையும் வருடமும் இருந்தன. அந்தத் துறையில் அந்த வருடம் படித்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் கண்ணில் பட்டது. புகைப்படம், ஊர், பள்ளி, வெளியீட்டு விழா, யூட்யூப் பேட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கிறேன். ஒன்றுக்குச் சரி சொன்னவர் மற்றதற்கும் சரி சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் ‘குயர் பப்ளிஷிங் ஹவுஸ்’ என்ற பெயரில் திருநர் சமூகத்தினரே அரங்கு போட்டிருந்தார்கள். அவர்கள் புத்தகத்தை அவர்களே விற்றுக்கொண்டிருந்தார்கள். அது வளர வேண்டும், நாம் போய் வாங்க வேண்டும். அதே நேரம் மற்ற பதிப்பகங்கள் ‘அவர்களுக்குத்தான் தனி அரங்கு இருக்கிறதே’ என்று கையைத் துடைத்துக்கொள்ளவும் கூடாது.

ஏனென்றால் மற்ற பதிப்பகங்கள் இன்னும் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான்: ‘உங்கள் வாழ்க்கைக் கதை.’ ஒரு தன்வரலாறு வாங்கிவிட்டால் கடமை முடிந்தது. அதே ஆள் அடுத்து ஒரு துப்பறியும் நாவலோ சிறுவர் கதையோ கொண்டுவந்தால் பதில் வராது.

இப்போது என் மேசையில் ஒரு நாவல் இருக்கிறது. எழுதியவர் திருநம்பி. கதை, ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் தங்கையைப் பற்றியது. பாலினம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கியர் பாக்ஸைக் கழற்றி மாட்டும் காட்சி மட்டும் பதினோரு பக்கம், படிக்கும்போது என் கையில் கிரீஸ் வாசனை அடித்தது. பதிப்பாளர் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல அவரோட கதை எங்க இருக்கு?” என்று கேட்டார். அந்தப் பதினோரு பக்கத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பின்னட்டை வாசகத்தை இந்த முறை நான் எழுதவில்லை. அவரே நான்கு வரி எழுதி அனுப்பியிருக்கிறார், ஒரு ஒற்றுப்பிழை மட்டும் இருந்தது.