ரப்பர் பேண்ட் போட்ட போன்

அந்த அம்மா முதல் நாள் வந்தபோது கைப்பையிலிருந்து இரண்டு போன்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அவருடையது. மற்றது கணவருடைய பட்டன் போன். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. "இன்னும் மாசாமாசம் ரீசார்ஜ் பண்றாங்க மேடம். விட்டுடச் சொல்லுங்க" என்றார் மகன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சொன்னால் விட்டுவிட முடியும் என்றால் மனநல ஆலோசகர்களுக்கு வேலையே இருக்காது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்தபடியே இருந்தது. தடையை எடுத்த பிறகு கரடி இன்னும் அதிகமாக வந்தது.

போனை நான் தொடவே இல்லை. என் கவலை வேறு. கணவர் விபத்தில் இறந்தது மார்க்கெட் ரோட்டு முனையில். முதலில் அந்த முனையை மட்டும் தவிர்த்தார். அப்புறம் மார்க்கெட்டை. அப்புறம் அந்த வழியே போகும் பஸ்ஸை. இப்போது பக்கத்துத் தெருக் கோயிலுக்குக்கூட மகன் துணைக்கு வர வேண்டும். ஒரு இடத்தைத் தவிர்த்ததும் நெஞ்சு லேசாகிறது. 'போகாததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. போய் நின்றாலும் பயம் தானாக இறங்கும் என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

வைத்தியம் பழையதுதான். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்தபடியே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1924இல் அதை எழுதினார். கடைசியில் பையன் முயலோடு விளையாடினான். நாங்களும் படிப்படியாகப் போனோம். ரோட்டின் பெயரை உரக்கச் சொல்வது, போட்டோ பார்ப்பது, பிறகு மகனோடு பஸ்ஸில் போவது. ஒவ்வொரு படிக்கும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று அவரே மார்க் போடுவார். பஸ் மட்டும் மூன்று வாரமாக 80இலேயே நின்றது. விசாரித்தால், முனை வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்றிருக்கிறார்! கண்ணைத் திறந்தபடி முருகனைக் கூப்பிடச் சொன்னேன். அடுத்த வாரம் 50. (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரையும் நேராக ரோட்டு முனையில் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்.)

பயம் இறங்க இறங்கத்தான் அது வெளியே வந்தது. "அன்னிக்குச் சட்னிக்குத் தேங்காய் இல்லைன்னு நான்தான் அனுப்பினேன்." நான்கு வருடமாக அந்த வீட்டில் தேங்காய் உடைக்கவில்லை. தக்காளிச் சட்னியே சாப்பிட்டுவந்த மகனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அதுக்கு நீ என்னம்மா பண்ணுவே" என்று அவர் ஆரம்பித்ததும் கையமர்த்தினேன். ஆறுதல் முந்திக்கொண்டால் பேச்சு நின்றுவிடும். அந்த நாளைக் காலையிலிருந்து முழுதாகச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது, "ஒண்ணு போதுமா, ரெண்டான்னு கேட்டாரு" என்று லேசாகச் சிரித்தார். அதுவரை விபத்து மட்டுமே ஞாபகத்தில் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தோடு துக்கமும் முடிந்துவிட வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அது நடக்காது. ஆனால் 6 மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போட்டால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

ஏழாவது மாதம் அந்த அம்மா தனியாக மார்க்கெட் போய் இரண்டு தேங்காய் வாங்கி வந்தார். ஒன்று அழுகல் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றியிருக்கிறார். பட்டன் போன் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. ரீசார்ஜ் பற்றி நான் கேட்கவில்லை. ரப்பர் பேண்ட் மட்டும் புதிது.