கூடலூர் ஜென்மம் காடு: உடைமை கைமாறினாலும் பழகிய உரிமை போகாது

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கம் போய் "இந்தக் காடு யாருடையது?" என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். வயதானவர்கள் கோவிலகத்துக் காடு, அதாவது நிலம்பூர் அரச குடும்பத்தின் காடு, என்பார்கள். எஸ்டேட்காரர் குத்தகைப் பத்திரத்தைக் காட்டுவார். வனத்துறை எல்லைக்கல்லைக் காட்டும். காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர், தன் தாத்தா காலம் முதல் தேன் எடுக்கும் மரத்தைக் காட்டுவார். அந்த மரத்தைக் காட்டுவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது எந்தச் சட்டம், எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அது தெரியாவிட்டால் இங்குள்ள நிலச்சிக்கல் புரியாது.

கூடலூர் ஒரு காலத்தில் மலபார் மாவட்டத்து வயநாட்டின் பகுதி. 1877இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். அதனால் மலபாரின் ஜென்மி முறை இங்கும் இருந்தது. நிலம் ஜென்மியின் பரம்பரைச் சொத்து, மற்றவர்கள் அவருக்குக் கீழே குத்தகைக்காரர்கள். இங்கே ஜென்மி, நிலம்பூர் கோவிலகம். முதுமலையில் மரம் வெட்ட ஆங்கிலேய அரசுகூட 1857இல் நிலம்பூர் அரசரிடம் அந்தக் காட்டை வாடகைக்குத்தான் எடுத்தது. தேயிலை, காப்பித் தோட்டங்கள் நீண்டகாலக் குத்தகையில் வந்தன. பணியரும், பெட்டக்குறும்பரும், முள்ளுக்குறும்பரும், காட்டுநாயக்கரும் காட்டில் கிழங்கு தோண்டினார்கள், தேன் எடுத்தார்கள், விறகு பொறுக்கினார்கள். அதற்குப் பத்திரம் எதுவும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்தான் பத்திரம்.

இந்தப் பழக்கத்தைச் சட்டம் அன்றே கவனித்திருந்தது. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் முகவுரை இரண்டு நோக்கங்களைச் சொல்கிறது. ஒன்று, தனியார் காடுகளைக் கண்மூடித்தனமாக அழிப்பதைத் தடுப்பது. இன்னொன்று, அந்தக் காடுகளில் மக்களுக்கு உள்ள வழக்கமான உரிமைகளில் யாரும் தலையிடாமல் தடுப்பது. ஜமீன்களை ஒழிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. காடு கையை விட்டுப் போவதற்குள் வெட்டி விற்றுவிடலாம் என்று உரிமையாளர்கள் நினைக்கக்கூடிய காலம். இந்தச் சட்டம் பொருந்தும் தனியார் காட்டில், உரிமையாளரே ஆனாலும் அனுமதி வாங்காமல் காட்டை விற்கவோ மரத்தை வெட்டவோ முடியாது. முதல் பாதியை, அதாவது மரம் வெட்டத் தடை என்பதை, எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை மறந்துவிட்டார்கள். எனக்கு அந்த மறதிதான் வருத்தம்.

அப்புறம் வந்தது 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம். சுமார் 80,000 ஏக்கர் ஜென்ம நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, உழுதவருக்கு ரயத்துவாரி பட்டா, அதாவது இடையில் ஜென்மி இல்லாமல் அரசிடமிருந்தே நேரடிப் பட்டா, தருவது இதன் நோக்கம். 1974இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜென்மியிடம் குத்தகைக்கு எடுத்த தோட்டங்கள் இதன் 17ஆம் பிரிவில் வருகின்றன. பொதுநலன் கருதி அந்தக் குத்தகையை அறிவிப்புக் கொடுத்து அரசு முடிக்கலாம். இன்று கூடலூரில் 'பிரிவு 17 நிலம்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டாவும் வராத, காடு என்று முழுசாகவும் ஆகாத நிலத்துக்கு அதுதான் பெயர்.

ஏன் இத்தனை வருஷம் இழுக்கிறது என்றால், நீதிமன்றம். 1972இல் பால்மாடீஸ் தோட்ட வழக்கில், காடுகளை எடுத்துக்கொள்ளும் பகுதி நிலச் சீர்திருத்தத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே 1974இல் 34ஆவது திருத்தம் மூலம் இந்தச் சட்டத்தை, நீதிமன்றச் சவாலிலிருந்து பாதுகாப்புத் தருவதற்காக உள்ள அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். அதை எதிர்த்த வழக்குதான் 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த கொய்லோ வழக்கு. இதற்கு நடுவே 1995இல், கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுகிறது என்று நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்குப் போட்டார். 12.12.1996 அன்று வந்த உத்தரவு இந்தியா முழுவதையும் தொட்டது. அகராதிப்படி காடாக இருந்தால் அது காடுதான், உரிமையாளர் யார் என்பது கேள்வி இல்லை என்றது நீதிமன்றம். சட்டக் கல்லூரி மாணவர்கள் பாடமாகப் படிக்கும் இந்த வழக்குகள் எல்லாம் இந்த ஒரு மலைப்பகுதியில் பிறந்தவை. ஆனால் இவை எதிலும் வழக்காடிய தரப்பு, தேன் எடுப்பவரும் விறகு பொறுக்குபவரும் அல்ல.

அவர்களுக்கான சட்டம் 2006இல் வந்தது. வன உரிமைச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். 31.12.2007 முதல் அமலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது தாமதமானதற்கு ஒரு காரணம், பட்டா வழங்குவதைத் தடுத்து வைத்த சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. "முன்னாடியே கேட்டோம், கிடைக்கவில்லை" என்று சோர்ந்து போனவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் 'வன நிலம்' என்பதற்கு உள்ள விளக்கம் மிக விரிவானது. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, வகைப்படுத்தாத காடு, எல்லை குறிக்காத காடு, காடாகக் கருதப்படும் நிலம் என எல்லாம் இதில் அடக்கம். முதுமலை புலிகள் காப்பகம் என்றாலும் உரிமை கேட்கலாம். அதைவிட முக்கியமானது பிரிவு 3(1)(ஆ). சமஸ்தானம், ஜமீன் போன்ற இடைநிலை ஆட்சிகளில் மக்கள் அனுபவித்து வந்த சமூக உரிமைகளையும் அங்கீகரிக்க வேண்டும் என்கிறது அது. ஜென்மி முறையும் அப்படிப்பட்ட ஓர் இடைநிலை ஆட்சிதான் என்பது என் வாசிப்பு. கோவிலகத்தின் காலத்தில் போய்வந்த பாதை, மாடு மேய்த்த வயல் ஓரம், மீன் பிடித்த ஓடை எல்லாவற்றையும் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம்.

கேட்கக்கூடியவை மூன்று விதம். குடியிருக்கும், பயிர் செய்யும் நிலத்துக்கான தனிநபர் உரிமை: படிவம் அ. உண்மையில் அனுபவத்தில் இருக்கும் அளவுக்குத்தான், அதிகபட்சம் 4 ஹெக்டேர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. அடுத்தது சமூக உரிமை, படிவம் ஆ: மேய்ச்சல், தண்ணீர், மீன், சிறு வனப் பொருள்கள். தேன், மெழுகு, மூங்கில், பிரம்பு, கிழங்கு, மூலிகை, சுள்ளி எல்லாம் சிறு வனப் பொருள்தான். மரம் சேராது, வேட்டையும் கிடையாது. மூன்றாவது, படிவம் இ: ஊர் மக்கள் வழிவழியாகப் பயன்படுத்திக் காத்த காட்டையே சமூக வன வளமாகக் கேட்பது. இது கிடைத்தால் அந்தக் காட்டைப் பாதுகாக்கும், நிர்வகிக்கும் உரிமை கிராம சபைக்கு. பெரும்பாலோர் வீட்டடி நிலத்துக்கு மட்டும் படிவம் அ கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து ஆ, இ இரண்டையும் விடாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு அரை ஏக்கர் கிடைப்பது நல்லதுதான். ஆனால் தேன் மரம் இருப்பது அந்த அரை ஏக்கருக்கு வெளியே.

மனு போக வேண்டிய இடம் கிராம சபை. வனத்துறை அலுவலகம் அல்ல. சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்காவது பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். குழு மனுவை வாங்கி ரசீது தர வேண்டும், நிலத்தை நேரில் பார்க்க வேண்டும். சபையின் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும்.

ஆதாரம் என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் இருந்தால் போதும். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பழைய வழக்குக் கடிதம், தண்டம் கட்டிய ரசீது எல்லாம் செல்லும். ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். கிணறு, இடுகாடு, கோயில் கல், பழைய வீட்டு அடித்தளம் போன்றவையும் ஆதாரம். செயற்கைக்கோள் படம் துணை ஆதாரம்தான், அதை மட்டும் கேட்டு மனுவைத் தள்ள முடியாது.

பழங்குடியினர் 13.12.2005க்கு முன்பிருந்தே அங்கே இருந்தால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மவுண்டாடன் செட்டிகள் போன்ற பழைய வேளாண் குடிகள் இதைக் காட்ட முடியும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய தாயகம் திரும்பியோர் காட்ட முடியாது. 1930க்கு முன்பிருந்தே இருந்திருக்க வேண்டுமே. அவர்களுடைய வீட்டடிக்கு வேறு வழியில்தான் தீர்வு வர வேண்டும், இந்தச் சட்டத்தின் மூலம் வரும் என்று யாராவது நம்பிக்கை கொடுத்தால் அது சரியல்ல.

பள்ளி, அங்கன்வாடி, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை போன்ற அரசு வசதிகளுக்குப் பிரிவு 3(2) தனியே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும்.

மனு பரிசீலனையில் இருக்கும்போது வெளியேற்ற முடியாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் மேல்குழுவுக்கு முறையிடலாம். வாய்மொழியாக "உங்களுடையது ஆகாது" என்று சொல்லி அனுப்பினால் அதை நிராகரிப்பாக ஏற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள், தேதி போட்டு வாங்குங்கள். முறையிட உங்களுக்கு இருப்பது 60 நாள், தள்ளிப்போடாதீர்கள்.