சுருள் கேலக்ஸி: படத்தில் மின்னும் கைகளை எவ்வளவு நம்பலாம்?

வான்நோக்கு முகாம் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: “சார், கலர் எங்கே?” ஜவ்வாது மலையில் நிலவில்லாத நவம்பர் இரவு, எட்டு அங்குல டெலஸ்கோப், ஐபீஸின் நடுவே ஆண்ட்ரோமிடா கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டம். தெரிவதோ நீள்வட்டமாக ஒரு சாம்பல் நிற மங்கல், நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். செல்போனில் பார்த்த நீல, இளஞ்சிவப்புச் சுருள்கள் எதுவும் இல்லை. வந்தவர்கள் டெலஸ்கோப் மட்டம் என்று முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

டெலஸ்கோப்பில் கோளாறு இல்லை. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். நம் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறமும் பிரிக்கத் தெரியாது. இதையாவது சுலபமாகப் புரியவைத்துவிடலாம். படத்தைப் பார்த்துப் பார்த்து மனதில் ஊறிப்போன இன்னொரு எண்ணத்தை மாற்றுவதுதான் கஷ்டம்: மையத்திலிருந்து வளைந்து நீளும் சுருள் கைகளில்தான் விண்மீன்கள் இருக்கின்றன, இடைவெளிகள் காலி என்ற எண்ணம்.

நாம் வாழும் கேலக்ஸியான பால்வீதியையே எடுத்துக்கொள்வோம். குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு). விண்மீன்கள் நிறைந்த தட்டின் தடிமன் ஏறத்தாழ 1,000 ஒளியாண்டுதான். நடுவில் முதிய, மஞ்சள் நிற விண்மீன்களின் புடைப்பு. அதன் குறுக்கே ஒரு பட்டை. மையத்தில் சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை. மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, ஓரியன் கை என்ற சிறிய கிளையில் நாம் இருக்கிறோம். சூரியன் மையத்தை ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 23 கோடி ஆண்டு ஆகும்.

இங்கேதான் சிக்கல். மையத்திலிருந்து நம் தூரத்தில் பாதியில் உள்ள விண்மீனும் கிட்டத்தட்ட நம் வேகத்திலேயே போகிறது. அதன் பாதை சிறியது என்பதால் நாம் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது இரண்டு சுற்று முடித்துவிடும். கை என்பது ஒரே விண்மீன் கூட்டம் சேர்ந்து நகரும் நிலையான பொருளாக இருந்தால், சில சுற்றுகளிலேயே இறுகச் சுருண்டு அடையாளம் தெரியாமல் போயிருக்க வேண்டும். சூரியன் பிறந்த பிறகே இருபது சுற்று ஆகிவிட்டது.

1964-ல் ஆய்வாளர்கள் சி.சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் முன்வைத்த விளக்கம் ‘அடர்த்தி அலை’. பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் நாளில் பரனூர் சுங்கச்சாவடியை மேலிருந்து பார்த்தால், நெரிசல் அதே இடத்தில் நிற்கும். அதில் மாட்டும் வண்டிகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். சுருள் கையும் அப்படி ஒரு நெரிசல்தான், மெதுவாகச் சுழலும் நெரிசல். விண்மீன்களும் வாயுவும் உள்ளே வருகின்றன, கொஞ்சம் நெருங்குகின்றன, வெளியேறுகின்றன. நெருங்கும்போது வாயு மேகங்கள் அழுந்திப் புது விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றில் பெருநிறை கொண்டவை நீலமாகக் கொழுந்துவிட்டு எரியும். சூரியனின் ஆயுள் 1,000 கோடி ஆண்டு என்றால், இவற்றில் பல 1 கோடி ஆண்டுகூடத் தாங்காது. கையை விட்டு வெளியே வருமுன்பே பெரும்பாலும் கதை முடிந்துவிடும். கை பளிச்சென்று இருப்பதற்கு அற்பாயுசு விண்மீன்களின் வெளிச்சமே காரணம். இருண்டதாகத் தோன்றும் இடைவெளியிலும் சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன்கள் ஏராளம்.

எல்லாச் சுருளுக்கும் இந்த விளக்கம் அப்படியே பொருந்தாது. எம்51 என்ற சுருள் கேலக்ஸியின் இரண்டு கைகளும் அவ்வளவு தெளிவாக இருப்பதில் பக்கத்தில் உரசிப்போகும் குட்டி கேலக்ஸியின் ஈர்ப்புக்கும் பங்கு உண்டு. எம்63 என்ற இன்னொரு கேலக்ஸியில் நீளமான கைகளே இல்லை, துண்டு துண்டாகச் சிதறிய வளைவுகள்தான். அலை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை.

வெளிச்சம் காட்டாத கணக்கு இன்னும் பெரியது. 1970-ல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடாவின் சுழற்சியை அளந்தார்கள். ஒளி மங்கிப்போகும் வெளிப்பகுதியிலும், எதிர்பார்த்ததற்கு மாறாக, வேகம் குறையவில்லை. பிறகு அளந்த பல சுருள் கேலக்ஸிகளிலும் அதே கதை. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அந்த வேகத்துக்குப் போதாது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பை மட்டும் காட்டும் ‘கரும்பொருள்’ உண்டு என்ற கருத்து வலுப்பெற்றது இந்த அளவீடுகளால்தான்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பால்வீதியின் புகைப்படம், நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’. அப்படி ஒரு புகைப்படம் கிடையாது. 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் போயிருக்கும் தூரமே சுமார் ஓர் ஒளிநாள்தான் (ஒளி ஒரு நாளில் போகும் தூரம்); தட்டுக்கு வெளியே போய்ப் படம் எடுப்பது எங்கே! அதிகம் பரவுவது, ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகள் வந்த பிறகு 2008-ல் ராபர்ட் ஹர்ட் வரைந்த ஓவியம். அது வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ அலை தூசியை ஊடுருவி வரும். 1950-களிலிருந்து அதை வைத்துக் கைகளின் வரைபடம் போட்டுவருகிறார்கள். ஆனாலும் மையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பகுதி இன்னும் அரைகுறைதான்.

நிலாவுக்குப் பக்கத்தில் பிரம்மாண்டமான ஆண்ட்ரோமிடா நிற்கும் படமும் அடிக்கடி வரும். அதில் அளவு சரி. வானத்தில் ஆண்ட்ரோமிடாவின் நீளம் முழுநிலாவைப் போல ஆறு மடங்கு. பிரகாசம் மட்டும் பொய். இரண்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

இந்தப் படங்களை நம்பி, அட்டைப்பெட்டியில் ‘675 மடங்கு’ என்று போட்ட பொம்மை டெலஸ்கோப்பைக் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள். கேலக்ஸி பார்க்க உருப்பெருக்கம் அவ்வளவாக உதவாது. ஒளியை வாங்கும் லென்ஸ் அல்லது கண்ணாடி அகலமாக இருக்க வேண்டும், வானம் இருட்டாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு 10x50 (10 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் வாங்கினால் நவம்பர், டிசம்பர் முன்னிரவுகளில் ஊருக்கு வெளியே ஆண்ட்ரோமிடா கட்டாயம் சிக்கும். சுருளையே பார்க்க வேண்டுமானால் ஏப்ரல், மே வரை பொறுத்து, சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனி விண்மீனுக்குப் பக்கத்தில் எம்51-ஐத் தேடுங்கள். எட்டு அங்குல டெலஸ்கோப்பில் இரண்டு மங்கல்கள் தெரியும். நல்ல இருட்டில் பன்னிரண்டு அங்குலம் கிடைத்தால், நேராக முறைக்காமல் பார்வையைச் சற்று ஓரமாகத் திருப்பிப் பாருங்கள். 1845-ல் அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடி வழியே பார்த்து வரைந்த அந்தச் சுழல், லேசாகப் பிடிபடும்.