ஷேட் கார்டில் சந்தனம், சுவரில் மஞ்சள் காமாலை

பெயின்ட் வேலை நடக்கும் வீடுகளில் பாதிச் சண்டை "நான் சொன்ன கலர் இது இல்லையே" என்றுதான் ஆரம்பிக்கும். பெயின்டர் டப்பாவைத் திருப்பி நம்பரைக் காட்டுவார், நம்பர் சரியாகத்தான் இருக்கும். கடைக்காரரைக் கேட்டால் மெஷினில் டின்ட் போட்டுத்தான் கொடுத்தோம் என்பார், அதுவும் உண்மைதான். யாரும் ஏமாற்றவில்லை. கடையின் ஷேட் கார்டில் (நிற மாதிரி அட்டையில்) பதவிசான சந்தன நிறமாகத் தெரிந்தது ஹால் சுவரில் காமாலை வந்த மாதிரி நிற்கிறது என்றால், காரணத்தை டப்பாவுக்கு வெளியே தேட வேண்டும்.

பெயின்டில் இருக்கும் நிறமித் துகள்கள் செய்வது ஒரே வேலைதான். மேலே விழும் வெளிச்சத்தில் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும். விழும் வெளிச்சத்திலேயே இல்லாததை அவற்றால் திருப்பி அனுப்ப முடியாது. ஆக, சுவரின் நிறத்தில் பாதி உங்கள் பல்பின் கையில் இருக்கிறது.

வெயிலில் நீலத்திலிருந்து சிவப்பு வரை எல்லாமே உண்டு. பழைய குண்டு பல்பிலும் அப்படித்தான், நீலம் கொஞ்சம், சிவப்பு அதிகம் என்றாலும் நடுவில் ஓட்டை கிடையாது. எல்.இ.டி. வேறு ஜாதி. அதற்குள் இருப்பது சுமார் 450 நானோமீட்டரில் எரியும் ஒரு நீல விளக்கு, அதன்மேல் பாஸ்பர் பூச்சு (கவர் இல்லாத எல்.இ.டி. பட்டையை அணைத்துவிட்டுப் பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள் தெரியுமே, அதுதான்). நீலத்தில் ஒரு பங்கைப் பாஸ்பர் மஞ்சளாக மாற்றுகிறது, மீதி நீலம் அப்படியே வெளியே வருகிறது, இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்றே வகை என்பதால் இந்தக் குறுக்குவழியே போதும், வெள்ளை என்று ஒத்துக்கொண்டுவிடும். ஆனால் அந்த வெள்ளைக்குள் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும், ஆழ்ந்த சிவப்பும் குறைச்சலாக இருக்கும்.

இதை நம் ஊர்ப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கும்போது, கடைக்குள் எவ்வளவு பளிச்சென்று லைட் எரிந்தாலும் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோவதற்கு அறிவியலில் மெட்டாமெரிசம் என்று பெயர். திரைச்சீலைக்கும் சுவருக்கும் கடையில் அமைந்த பொருத்தம் வீட்டில் கலைவதும் இதனால்தான்.

அதனால் முதலில் பல்பை முடிவு செய்யுங்கள், அப்புறம் பெயின்ட். நம் வீடுகளில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் கூல் டே லைட், இளஞ்சாம்பல் சுவரை நீலம் பாயவைக்கும். 3000 என்றால் வார்ம் ஒயிட், கிரீம் நிறத்தை இன்னும் மஞ்சளாக்கும். சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள், 100 வந்தால் நிறங்கள் அசலாகத் தெரியும் என்று கணக்கு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த எண் 8 வெளிறிய நிறங்களின் சராசரிதான், ஆழ்ந்த சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. 80 வாங்கிய பல்பில் செங்கல் நிறச் சுவர் சோர்ந்துபோய்த் தெரிய வாய்ப்பு உண்டு, அந்த மாதிரி நிறம் பிடிக்கும் என்றால் 90க்கு மேல் பார்த்து வாங்குங்கள்.

பல்பு மட்டும் குற்றவாளி இல்லை. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எல்லாமே நேரே உங்கள் கண்ணுக்கு வருவதில்லை, ஒரு பங்கு எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து சீலிங்குக்குப் போய் என்று பல தடவை மோதிவிட்டுத்தான் வருகிறது. ஒரு கிரீம் நிறம் மஞ்சள் வெளிச்சத்தில் 80 சதவீதத்தையும் நீலத்தில் 60 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். இரண்டாவது மோதலில் அது 64க்கு 36 ஆகிவிடும், மூன்றாவதில் 51க்கு 22, அதாவது நீலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மஞ்சள். நான்கு சுவரிலும் அதே நிறத்தை அடித்தால் அது கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரிவதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம், மூலைகளில் இன்னும் அழுத்தமாக இருக்கும். ரெட் ஆக்சைடு தரை போட்ட வீடுகளில் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதி லேசாக ரோஸ் அடிப்பதும், ஜன்னலை ஒட்டி வேப்பமரம் நின்றால் அறைக்குள் பச்சை சாயல் ஏறுவதும் இதே கதைதான்.

இணையத்தில் ஒரு ஆலோசனையை அடிக்கடி பார்க்கலாம்: வடக்குப் பார்த்த அறைக்கு வருஷம் முழுக்க நீலம் கலந்த குளிர்ந்த வெளிச்சம்தான் கிடைக்கும், அதனால் வெதுவெதுப்பான நிறம் அடியுங்கள் என்று. லண்டனுக்குப் பெரும்பாலும் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் நடுவரை மத்தியானத்திலும் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகக் காலையும் மாலையும் வெயிலே உள்ளே வரும். அந்த ஆலோசனையை இங்கே அப்படியே பின்பற்றினால் சித்திரை வெயிலில் உங்கள் அறை தகதகக்கும்.

இனி கண் செய்யும் குறும்பு. பாரிஸில் கோபெலின் என்ற அரசாங்க நெசவுக்கூடத்தின் கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் செவ்ரூல் மற்ற இடத்துக் கறுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகையாகக் காட்டியிருக்கின்றன. பக்கத்து நிறம் இந்த நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதைப் பற்றி 1839இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். பழைய பச்சைச் சுவரின் நடுவே சாம்பல் சாம்பிளை ஒரு திட்டு அடித்துப் பார்த்தால் அது ரோஸ் கலந்த மாதிரி தெரியும், பச்சையை மூடியதும் அந்த ரோஸ் காணாமல் போய்விடும். ஷேட் கார்டில் சின்னக் கட்டத்தைச் சுற்றி வெள்ளை இருப்பதால் நிறம் கொஞ்சம் கருத்துத் தெரியும் என்பதும் இதே கணக்கில் சேரும்.

சாம்பிளைச் சுவரில் அடிக்காமல், இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டிலோ தடித்த அட்டையிலோ பிரைமர் போட்டு, ஓரத்தில் வெள்ளை விடாமல் இரண்டு கோட்டிங் அடியுங்கள். காயும்வரை தீர்ப்பு சொல்லாதீர்கள். ஈர எமல்ஷனில் பிசின் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பால் மாதிரி வெளுப்பாகக் காட்டும், காய்ந்தபின் அவை ஒன்றுசேர்ந்து கண்ணாடியாகிவிடுவதால் நிறம் ஒரு படி இறங்கும். காய்ந்த பலகையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னல் இருக்கும் சுவர், மூலை என்று நகர்த்தி, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி நீங்கள் மாட்டப்போகும் அதே பல்பில் ஒரு தடவை பாருங்கள். அகலமான சோபா வாங்கியாயிற்று என்றால் அதன் பக்கத்திலும் நிறுத்திப் பாருங்கள். பிடித்துவிட்டால் ஒரு அறைக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், இரண்டு டப்பா என்றால் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பெயின்டர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.